ஆமைப் பாறைப் புதையல்

"பாம்பு செதுக்கின பாறை ஏதாவது இருக்கா தலைவரே?"

"இருக்கே. ஆத்தைத் தாண்டினா பழைய மரமில்லு. அதுக்குப் பின்னாடி. நல்ல பெரிய பாம்பு."

"வளைச்சு விட்ட மரம்?"

"அதுவும் அங்கதான். கிளை எந்தப் பக்கம் கை காட்டுதோ அந்தப் பக்கம் தோண்டணும்னு பெரியவங்க சொல்வாங்க."

"ஆமை செதுக்கின பாறை?"

எனோக் வாட்டியின் கையிலிருந்த அறைச் சாவி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டான்.

விடுதி வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் பெயர் டுவைட். ஜார்ஜியாவிலிருந்து அன்று காலைதான் வந்து அறை எடுத்திருந்தான். வைக்கோல் தொப்பி, முட்டி வரை பூட்ஸ், காரின் பின்சீட்டில் உலோகம் தேடும் கருவி. செரோக்கி ஊரில் வசந்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள நாங்கள் பூக்களைப் பார்ப்பதில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தாலே போதும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கப் பட்டாளம் வந்து, செரோக்கிப் பழங்குடிகளான எங்கள் முன்னோரை மேற்கே விரட்டியபோது, அவர்கள் தங்கத்தையெல்லாம் மலைக்குகைகளில் ஒளித்து வைத்து, பாறையில் அடையாளம் செதுக்கிவிட்டுப் போனார்களாம். அடுப்பில் வெந்துகொண்டிருந்த பீன்ஸைக்கூட இறக்க விடவில்லை என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள். பானையை எடுக்க நேரம் இல்லாதவர்கள் உட்கார்ந்து ஆமை செதுக்கினார்களாம். கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஆனால் விடுதியில் வேலை பார்க்கிறவன் வயிறு எரிந்தாலும் பல்லைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

அதற்கு எனோக் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். தங்கம் என்று யார் வாயைத் திறந்தாலும் மரமில்லுக்குப் பின்னால் அனுப்பிவிடுவான். அங்கே பாம்பும் கிடையாது, வளைந்த மரமும் கிடையாது. அவனுடைய அக்காதான் அங்கே எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்கிறாள். தோண்டியவனுக்குப் பசிக்கும் அல்லவா.

இத்தனை வருஷம் வாய் குழறாமல் சொல்லி வந்த பொய், அன்று ஆமை என்ற சொல்லில் வந்து இடறியது.

"ஆமையா?" என்றான் எனோக், தலையைத் தேய்த்துக்கொண்டே. "ஆமையெல்லாம் எங்க ஊர்ல யாரும் செதுக்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு மேலோடைப் பக்கம் போயிடாதீங்க. அங்க ஒண்ணுமே இல்ல."

"ஓடையா? நான் ஓடைன்னு கேக்கவே இல்லியே."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

டுவைட் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனான். போகிற போக்கில் மரமில்லு இருக்கும் திசையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மேலோடையில் ஆமை செதுக்கிய பாறை ஒன்று உண்மையாகவே இருந்தது. அதன் பின்னால் தங்கம் இல்லை. அதைவிடப் பெரிய சொத்து இருந்தது: எனோக்கின் மாமியார் வீட்டுக் காட்டுப்பூண்டு.

அகல இலை, வெங்காயமும் பூண்டும் சேர்ந்து அடிக்கிற வாசனை. பனி உருகியதும் முளைத்து, மரங்கள் தழைப்பதற்குள் போய்விடும். அதை உருளைக்கிழங்கோடு பன்றிக்கொழுப்பில் வதக்கித் தின்னாவிட்டால் எங்களுக்கு வருஷம் பிறந்த மாதிரியே இராது. ஒவ்வொரு வீட்டுக்கும் மலையில் ஓர் இடம் உண்டு. மகன் எந்தப் பெண்ணோடு சுற்றுகிறான் என்பதைக்கூட எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். பூண்டு எங்கே முளைக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அது தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ரகசியம்.

வீடும் அப்படித்தான். வீடு, நிலம், குலம் எல்லாம் பெண்வழி. எனோக் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் லுசிண்டா, மனைவி ஐவி, கொழுந்தியாள் டெலா மூவரும் ஓநாய்க் குலம். அவன் மட்டும் பறவைக் குலம். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும், பூண்டு சமாசாரம் பேசவேண்டுமென்றால் மூன்று பேரும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே அவனும் மாமனார் நோவாவும் உட்கார்ந்திருப்பார்கள். நோவா மரச்சிற்பி. கரடி, ஆந்தை, ஆமை என்று எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பார். பேசமாட்டார். அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் பேசிவிடுகிறார்கள் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

இந்த வருஷம் ஐவி படியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். லுசிண்டாவுக்கு முட்டிவலி. டெலாவுக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வேலை. சனிக்கிழமைதான் ஊர்க்கூடத்தில் பூண்டு விருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை லுசிண்டா அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலோடைப் பாதை முடிகிற இடம் வரை போனாள். கண்ணாடியை இறக்கி, உதட்டைக் குவித்துக் காட்டினாள். விரல் நீட்டிக் காட்டுவது எங்களுக்குள் மரியாதை இல்லை.

"ஓடையோடயே மேல ஏறு. ஆமை செதுக்கின பாறை வரும். அதுக்குப் பின்னாடி. இலையை மட்டும் அறுக்கணும், கிழங்குல கை வைக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில போனாப் போதும்."

"சரி அத்தை."

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"மாமாகிட்டகூடவா?"

"அவர்கிட்டயும்தான்."

எனோக் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாற்பது வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டிய மாமனாருக்கே சொல்லாத ரகசியத்தைத் தன்னிடம் சொல்லிவிட்டாளே. அன்று மாலை திரும்பியபோது நோவாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கப் காபி தானே கலந்து கொண்டுபோய்க் கொடுத்தான்.

இப்போது அந்த ரகசியத்துக்கு ஜார்ஜியாவிலிருந்து ஆள் வந்துவிட்டது.

மறுநாள் காலை டுவைட் மறுபடி மேசைக்கு வந்தான். பூட்ஸில் சேறு. எங்கள் ஊரில் அந்த நிறச் சேறு மேலோடைப் பாதையில் மட்டும்தான் உண்டு.

"நேத்து ஓடைப் பக்கம் கொஞ்சம் நடந்து பாத்தேன் தலைவரே. நல்ல இடம். ஏன் போகாதேன்னீங்க?"

வெளியூர்க்காரர்கள் எங்களில் யாரைப் பார்த்தாலும் தலைவரே என்பார்கள். ஊரின் உண்மையான தலைவரை மட்டும் அடையாளம் தெரியாமல் வழி கேட்பார்கள்.

"கரடி," என்றான் எனோக். வாயில் வந்த முதல் மிருகம் அது. "குட்டி போட்டிருக்கு. இப்ப கிட்ட போனா கிழிச்சுடும்."

"எத்தனை குட்டி?"

"மூணு."

"எங்க படுத்திருக்கு? பாறை கீறை ஏதாவது பக்கத்துல இருக்கா?"

"பாறையெல்லாம் இல்ல," என்றான் எனோக், தேவைக்கு மேல் வேகமாக.

டுவைட் கடைக்குப் போய்க் கரடி விரட்டும் மருந்து ஒரு புட்டி வாங்கினான். எதற்கு என்று கடைக்காரி கேட்க, மேலோடையில் மூன்று குட்டிகளோடு கரடி என்று சொல்லிவைத்தான். மத்தியானத்துக்குள் விடுதியில் தங்கியிருந்தவர்கள் பாதிப்பேர் காமிராவைத் தூக்கிக்கொண்டு மேலோடைப் பாதையில் நின்றார்கள். அதுவரை அந்தப் பாதையில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை.

எனோக் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். கரடி வேறு மலைக்குப் போய்விட்டது, இப்போதுதான் தகவல் வந்தது என்று ஒவ்வொரு காராகப் போய்ச் சொல்லி அனுப்பினான். கடைசியாக டுவைட் மட்டும் ஒரு கட்டையில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"கரடி போயிடுச்சா? அப்ப நான் மேல ஏறலாம்."

"ஏறக்கூடாது."

"ஏன்?"

எனோக் சுற்றுமுற்றும் பார்த்தான். சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தும் சொன்னான். "அங்க குட்டி மனுஷங்க இருக்காங்க. முட்டி உசரம்தான். காட்டுல இருக்கிறதெல்லாம் அவங்களோடது. கேக்காம எடுத்தா புத்தியைக் கலைச்சு விட்டுடுவாங்க. வீட்டுக்கு வழி தெரியாம சுத்திக்கிட்டே இருப்பீங்க."

குட்டி மனிதர்களை எனோக் உண்மையாகவே நம்புகிறவன். நாங்கள் எல்லோரும்தான். அவர்கள் பெயரைச் சும்மா இழுக்கக் கூடாது. உள்ளுக்குள் அவர்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

டுவைட் ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினான். "எதைக் காவல் காக்குறாங்க?"

"என்னது?"

"காவல் காக்குறாங்கன்னா எதையோ காக்கணும்ல."

 ஒன்றுமில்லாத இடம் என்று ஆரம்பித்தது. இப்போது அதற்கு ஒரு கரடி, மூன்று குட்டி, ஒரு குட்டிப் பட்டாளமே காவல் என்று ஆகிவிட்டது. வாயைக் கொடுத்து இப்படி மாட்டிக்கொண்டவன் ஊரில் வேறு யாரும் இல்லை.

அன்று மாலை வீட்டில் கொஞ்சநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐவி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி பார்த்தாள்.

"என்ன, பூண்டு நெனப்பா?"

"நான் எதுவும் நெனக்கல."

"அம்மா உன்னை நம்பிக் குடுத்த வேலை. சொதப்பிடாத. அப்புறம் இந்த வீட்டுல உன் பேச்சு எடுபடாது."

இதுவரை எடுபட்டிருக்கிறதா என்று கேட்க நினைத்தான். 

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அந்த ஆளுக்கு வேண்டியது ஆமை. ஓர் ஆமையைக் கொடுத்துவிட்டால் போகிறது. மேற்குச் சரிவில், பூண்டு முளைக்காத வறண்ட பக்கத்தில், ஒரு பாறையில் செதுக்கி வைத்து, அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டால் ஆயுசுக்கும் தோண்டிக்கொண்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற சாக்கில் மாமனாரின் பெட்டியிலிருந்து ஓர் உளியை எடுத்தான். நிமிர்ந்தால் நோவா எதிரே நின்றார். அவன் கையிலிருந்த உளியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடியிலிருந்து தடியான, துருப்பிடித்த வேறோர் உளியை எடுத்துத் துடைத்து அவன் கையில் வைத்தார். அது கல் உளி. மரம் செதுக்குகிறவருக்குக் கல் உளி எதற்கு என்று கேட்கும் நிலையில் எனோக் இல்லை.

மத்தியானம் முழுக்கத் தட்டியதில் ஆமை மாதிரி ஒன்று வந்தது. ஒரு கால் அதிகமாகிவிட்டது. அதை வாலாக்கிவிட்டு, விடுதிக்கு ஓடி டுவைட்டைக் கையோடு கூட்டிவந்தான்.

"பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஊருக்குத் தெரியாம காட்டுறேன். இதான் ஆமை."

டுவைட் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். விரல் நுனி கல்தூளில் வெள்ளையாகிவிட்டது.

"தலைவரே, இந்த ஆமை இன்னும் கண்ணே திறக்கல போல."

"மழை பெஞ்சு கழுவி விட்டுருக்கு. அதான் புதுசா தெரியுது."

"மழையா? எப்ப?"

வானம் சுத்தமாக இருந்தது. ஒரு வாரமாக அப்படித்தான் இருந்தது.

டுவைட் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து கைகொடுத்தான். "பரவால்ல. நீங்க நல்ல மனுஷன். எனக்குத் தங்கம் குடுத்து வைக்கல அவ்வளவுதான். நாளைக்கு அறையைக் காலி பண்றேன்."

எனோக் வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தான். ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலை சாக்கும் கத்தியுமாக ஓடையோடு ஏறினான். பாறை இருந்தது. பாசி படிந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற ஆமையும் இருந்தது. இருநூறு வருஷப் பழசாக இருக்கும் என்று நினைத்தான். நேற்றைய தன் ஆமையை எண்ணி வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு பாறையைச் சுற்றி வந்தான்.

மண் முழுக்கக் கிளறிக் கிடந்தது. ஓர் இலை இல்லை. இலை போனால் அடுத்த வருஷம் வரும். இங்கே வந்தவன் கிழங்கோடு பிடுங்கிப் போயிருந்தான். மண்வெட்டி பதிந்த தடம் ஈரமாகவே இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த நம்பிக்கை ஒரே வாரத்தில் போய்விட்டது. எனோக் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதான்.

அழுது முடித்து விடுதிக்கு ஓடினான். டுவைட் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போகும்போதே அந்த வாசனை முகத்தில் அடித்தது. பின்சீட்டில் நான்கு சாக்கு. உலோகம் தேடும் கருவி அவற்றுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

"நீ தங்கம் தேடித்தானே வந்தே?"

"தங்கமா?" டுவைட் கதவைச் சாத்தினான். "எனக்கு அட்லாண்டாவுல ஹோட்டல் இருக்கு தலைவரே. இந்தப் பூண்டுக்கு அங்க அடிச்சுக்குறாங்க. போன வருஷம் வந்து பூண்டு எங்க கெடைக்கும்னு கேட்டேன். உங்க ஊர்ல ஒருத்தர் வாயைத் திறக்கல. இந்த வருஷம் தங்கம் எங்கன்னு கேட்டேன். எல்லாரும் அங்க போ இங்க போன்னு அனுப்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு இடத்துக்குப் போகாதேன்னு சொன்னீங்க."

"அது எங்க நிலம். போலீஸ்ல சொல்வேன்."

"சொல்லுங்க. எந்த இடத்துலேருந்து எடுத்தேன்னு கேப்பாங்க."

  போலீஸ் நிலையத்தில் இருக்கும் நான்கு பேருக்கும் மாமியார் உண்டு. இடத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டுக்கும் தெரிந்துவிடும். டுவைட்டின் கார் தெருமுனை திரும்புவதை எனோக் பார்த்துக்கொண்டு நின்றான். வாசனை மட்டும் கொஞ்சநேரம் இருந்தது.

ஊர்க்கூடத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது விருந்து ஆரம்பித்திருந்தது. பீன்ஸ் ரொட்டியும் வறுத்த மீனும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தன. சமையல்கட்டில் லுசிண்டா பெரிய வாணலியின் முன் நின்றாள். எனோக் காலிச் சாக்கைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய் நின்றான்.

"அத்தை, என்னை மன்னிச்சுடுங்க. பூண்டு போச்சு. அந்த ஜார்ஜியாக்காரன் மொத்தத்தையும் கிழங்கோட பிடுங்கிட்டுப் போயிட்டான். என் வாய்தான் காரணம். எனக்கு உங்க வீட்டுல இருக்க யோக்கியதை இல்ல."

 வாணலிக்குப் பக்கத்தில் நாற்காலியில் காலை நீட்டியிருந்த ஐவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனோக்குக்கு இன்னும் துக்கமாக வந்தது.

"அவ்வளவுதானே?" என்றாள் லுசிண்டா. வாணலியைக் கிளறுவதை அவள் நிறுத்தவே இல்லை.

அப்போதுதான் எனோக் வாணலிக்குள் பார்த்தான். உருளைக்கிழங்குக்கு நடுவே பச்சைப்பசேலென்று காட்டுப்பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு டெலா வந்தாள். இரண்டு தோளிலும் சாக்கு. சாக்கு வாயில் இலை பிதுங்கியது. பூட்ஸில் சேறு. அது மேலோடைச் சேறு இல்லை.

"உனக்கு ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னாங்களே?"

"முடிஞ்சிருச்சு அத்தான்," என்றாள் டெலா.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ பட்டினியா வந்திருக்கே மாப்ள, போய் உக்காந்து சாப்பிடு," என்றாள் லுசிண்டா, என்றும் இல்லாத அன்போடு.

எனோக் தட்டை ஏந்திக்கொண்டு போய் நோவா பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். ஒரு கவளம் எடுத்தான். ருசியில் குறையே இல்லை. அது வேறு வேதனையாக இருந்தது.

"ஒண்ணுமே புரியல மாமா," என்றான். "அந்த ஆமைப் பாறைக்குப் பின்னாடி ஒரு இலைகூட மிச்சமில்ல. என் கண்ணால பாத்தேன். அப்ப இந்தப் பூண்டு ஏது?"

நோவா வாயிலிருந்ததை மென்று முழுங்கினார். கையைத் துடைத்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எனக்கும் கல்யாணமான புதுசுல அந்த இடத்தைத்தான் காட்டினாங்க மாப்ள. வழி மறந்துடக் கூடாதேன்னு பாறையில அந்த ஆமையைச் செதுக்கினதே நான்தான்."